மனையின்பமும் திருவருளும்

சிவமயம்

சைவப் பாடசாலைகளிலே கற்பிக்கும் ஆசிரியர்களாகிய மெய்யன்பர்களே!

சிவபெருமானுடைய திருவருளை நாம் எங்கே தேடுகின்றோம்? திருக்கோயிலிலே தேடுகின்றோம், தீர்த்தக்கரையிலே தேடுகின்றோம், புராணபடனத்திலே தேடுகின்றோம், தலயாத்திரையிலே தேடுகின்றோம். இவையெல்லாம் தேடத்தக்க இடங்களே. இவற்றைக் குறைத்துக் கூறுவோர் சைவராகார். ஆயினும், நாம் பிறந்து, உண்டு, உறங்கி, நோயுற்று, முதுமையெய்தும் இடமாகிய நமது வீட்டிலே அவ்வருளைத் தேடுவோர் மிகச் சிலர். வீட்டை விட்டுப் புறப்பட்ட பின்னரே சமயம் தொடங்குகின்றது என்றும், வீட்டினுள்ளே நிகழ்வன வெறும் உலகியல் என்றும் நம்மிற் பலர் எண்ணியிருக்கின்றனர். அவ்வெண்ணம் பிழையென்பதையும், அப்பிழை நம் மாணாக்கரிடத்தே விளைக்குந் தீங்கு இதுவென்பதையும் ஒருசிறிது ஆராய்வாம்.

சைவசித்தாந்தம் கூறுவது யாது? ஆன்மாக்கள் அநாதியே ஆணவமலத்தான் மறைப்புண்டு, அறிவு விளங்காது, இருளிலே கண்ணிருந்தும் காணமாட்டாதவன் போலக் கிடந்தன. அவற்றின்மேல் வைத்த பெருங்கருணையினாலே சிவபெருமான் தனு கரண புவன போகங்களை மாயையினின்றும் தோற்றுவித்துக் கொடுத்தருளினார். தனுவாவது உடம்பு. கரணமாவது மனம் முதலிய கருவி. புவனமாவது உறையும் இடம். போகமாவது அநுபவிக்கப்படும் பொருள். இந்நான்கும் நாம் விலைகொடுத்து வாங்கினவல்ல. எளியேமாகிய நமக்கு இறைவன் அளித்தவை.

இதனை நாம் சமயபாட வேளையிலே பிள்ளைகளுக்கு மனனஞ் செய்விக்கின்றோம். பரீட்சை வந்தால் அவர்களும் பிழையற எழுதிவிடுகின்றார்கள். ஆனால், ஒரு பிள்ளையை அழைத்து, "உனக்கு இறைவன் கொடுத்த புவனம் எது? காட்டு" என்று வினவிப் பாருங்கள். அது வானத்தைக் காட்டும். அல்லது சுவரிலே தொங்கும் உலகப்படத்தைக் காட்டும். தன் வீட்டை அது காட்டாது. இறைவன் கொடுத்த போகம் யாது என்று வினவினால், அது திகைத்து நிற்கும். அன்று காலையிலே தாய் திரட்டிக் கொடுத்த சோறு அதன் நினைவிற்கு வாராது. குற்றம் பிள்ளையினதன்று. சொல்லைக் கொடுத்துப் பொருளைக் காட்டாது விட்ட நம்முடையதே.

இனி, யாழ்ப்பாணத்துச் சைவவீடொன்றின் ஒருநாட் செயல்களை எடுத்து நோக்குவாம். வைகறையிலே முற்றம் கூட்டப்படுகின்றது. விளக்குமாறு மணலிலே இட்ட கோடுகள் அலையலையாய்க் கிடக்கின்றன. அவற்றின்மேற் சாணநீர் தெளிக்கப்படுகின்றது. மண்ணும் சாணமும் நீரும் கலந்தெழும் மணம் வேலிவரையும் பரக்கின்றது. கிணற்றடியிலே வாளி மோதும் ஓசை கேட்கின்றது. செவ்வரத்தையும் நந்தியாவட்டையும் சுவாமியறைக்காகக் கொய்யப்படுகின்றன. அடுப்பு மூட்டப்படுகின்றது. முதனாள் எஞ்சிய பழஞ்சோற்றிலே மோரும் உப்பும் சின்னவெங்காயமும் பச்சைமிளகாயும் இட்டுக் குழைத்து, தாய் தன் கையாலே திரட்டி, சூழவிருக்கும் பிள்ளைகளின் கைகளிலே ஒவ்வொரு திரளையாக வைக்கின்றாள். மாலையிலே விளக்கு வைக்கப்படுகின்றது. பிள்ளைகள் கைகால் முகங் கழுவி, திருநீறு தரித்து, விளக்கின்முன் நின்று தேவாரம் ஓதுகின்றார்கள். அவ்வழியே ஒருவர் வந்தால், "இருங்கள், சாப்பிட்டுப் போகலாம்" என்கின்றார்கள்.

இவற்றுள்ளே அரியது யாது? ஒன்றுமில்லை. விலையுயர்ந்தது யாது? ஒன்றுமில்லை. ஆயினும், கூட்டித் தெளித்த முற்றத்தைக் காலைவெயிலிலே நின்று பார்த்தவனுக்கு அஃது ஓர் இன்பம்; குழைத்த சோற்றை ஏந்திய கைக்கு அஃது ஓர் இன்பம்; அந்தியிலே முதற்சுடரைக் கண்ட கண்ணுக்கு அஃது ஓர் இன்பம். இவ்வின்பங்கள் நாடோறும் வருகின்றன. நாடோறும் வருதலினாலேயே காணப்படாது போகின்றன.

மேலும் ஒன்று கூறுவாம். சரியையாகிய தாசமார்க்கத்திலே நிற்போர் செய்யும் பணிகள் இவை என்று நம் சாத்திரங்கள் வகுத்துரைப்பவற்றை எண்ணிப் பாருங்கள். திருக்கோயிலை அலகிடுதல், மெழுகுதல், மலர் கொய்தல், மாலை தொடுத்தல், திருவிளக்கிடுதல், இறைவன் புகழைப் பாடுதல், அடியாரை உபசரித்தல் என்பனவன்றோ அவை? இவற்றுள் எது நமது வீட்டிலே நிகழவில்லை? கூட்டுதல் நிகழ்கின்றது, மெழுகுதல் நிகழ்கின்றது, மலர் கொய்தலும் விளக்கிடுதலும் விருந்தோம்பலும் நிகழ்கின்றன. கோயிலிலே செய்யும்போது தொண்டெனப்படுவது வீட்டிலே செய்யும்போது வேலையெனப்படுகின்றது. செயல் ஒன்றே. இறைவனை நினைந்து செய்தலும் நினையாது செய்தலுமே வேற்றுமை.

திலகவதியம்மையாரை நினையுங்கள். அவர் திருவதிகை வீரட்டானத்திலே பொழுது புலருமுன் சென்று, திருவலகிட்டு, கோமயநீரினாலே மெழுக்கிட்டு, மலர் கொய்து மாலை தொடுத்து வந்தார். சூலைநோயினால் வருந்தித் தம்மிடத்து வந்து வீழ்ந்த தம்பியாருக்குத் திருநீறு கொடுத்து, அப்பணிக்குப் புறப்பட்ட அவ்வைகறையிலேயே அவரையும் உடனழைத்துக்கொண்டு திருக்கோயிலுட் புகுந்தார். சைவவுலகம் திருநாவுக்கரசரைப் பெற்றது ஓர் அக்கையார் துடைப்பமுஞ் சாணமும் எடுத்துக்கொண்டு நின்ற வைகறையிலேயாம். இந்த வரலாற்றை வகுப்பிலே சொல்லும் நாம், அன்று காலையிலே தம் வீட்டு முற்றத்தைக் கூட்டிவிட்டு வந்த பிள்ளைகள் நம் முன்னே இருக்கின்றார்கள் என்பதை மறந்துவிடுகின்றோம்.

இளையான்குடிமாறநாயனார் சரித்திரத்தையும் நோக்குவாம். செல்வம் முழுதுந் தேய்ந்து வறுமையுற்ற காலத்திலே, மழை பொழியும் நள்ளிரவிலே, ஓர் அடியார் பசியோடு வந்தார். வீட்டிலே ஒன்றுமில்லை. நாயனார் இருளிலே வயலுக்குச் சென்று, அன்று பகலிலே விதைத்த நெல்லைக் கையினாலே தடவி வாரிக்கொண்டு வந்தார். மனைவியார் வாயிலிலே எதிர்நின்று வாங்கிச் சேறுபோகக் கழுவினார். விறகில்லாமையால் நாயனார் கூரையின் வரிச்சுக்களை அறுத்துக் கொடுத்தார். அம்மையார் நெல்லை வறுத்துக் குற்றிச் சோறாக்கினார். கறிக்கு யாது செய்வது? தோட்டத்துக் குழியிலே முளைத்திருந்த இளங்கீரையைப் பறித்துக் கொடுத்தார் நாயனார். அவ்வொரு கீரையையே அம்மையார் வெவ்வேறு கறிகளாகச் சமைத்தார்.

அன்பர்களே, இவ்விடத்திலே சற்றே நில்லுங்கள். பசித்து வந்தவருக்கு ஒரு கறி போதாதா? வறுமையையும் நள்ளிரவையும் மழையையுங் காரணங்காட்டி, ஒன்றோடு நிறுத்தியிருந்தால் யார் குறைகூறுவார்? அம்மையார் அவ்வாறு நிறுத்தினாரில்லை. உண்பவர் மனமகிழவேண்டும் என்று, உள்ள ஒன்றையே பலவாக்கி அழகுபெறப் படைத்தார். வீட்டின் அழகு என்று யாம் கூறுவது இதனையே. அது பண்டத்திலே இல்லை. பண்டத்தை எடுக்கும் கையிலே இருக்கின்றது. அந்தக் கையை அசைப்பது அன்பு. அவ்வன்பை ஏற்றே சிவபெருமான் அவ்விருவருக்குஞ் சோதிவடிவாய்த் தோன்றியருளினார். அவர் தோன்றிய இடம் கூரை குறைந்த ஒரு வீடு.

இனி எம்மைப்பற்றி ஒருசிறிது கூறுதற்கு நீங்கள் பொறுத்தல் வேண்டும். யாம் இளமையிலே ஒரு கிறிஸ்தவப் பாடசாலையிலே கல்வி கற்றேம். காலந்தவறாமை, எழுத்துத் தூய்மை, ஆங்கில அறிவு முதலிய நன்மைகளை அங்கே பெற்றேம். அந்நன்றியை யாம் மறக்கமாட்டேம். ஆயினும், எம் ஆங்கிலப் பாடநூலிலே வீடு என்றால் கண்ணாடிச் சாளரமும் மெத்தையிட்ட நாற்காலியும் பூச்சாடியும் உடைய ஒன்றாகவே இருந்தது. அப்படங்களைப் பார்த்துப் பார்த்து, அழகு என்பது அங்கேதான் உள்ளது என்றும், எம் வீட்டிலே இல்லை என்றும் யாமே முடிவுசெய்துகொண்டேம். எவரும் அவ்வாறு எமக்குக் கற்பிக்கவில்லை. யாமே கற்றுக்கொண்டேம்.

எமக்குப் பதினைந்து வயதாயிருந்தபோது ஒருநாள் மாலை, எம்மோடு கற்ற தோழர் ஒருவர் எம்மைத் தேடி வந்தார். அவர் நகரத்திலே பெரிய கல்வீட்டிலே வளர்ந்தவர். எம் வீடோ மண்திண்ணையும் ஓலைக்கூரையும் உடையது. அன்றுதான் எம் அன்னையார் திண்ணையை மெழுகியிருந்தார். அவ்வீரமும் அம்மணமும் எமக்கு நாணத்தை விளைத்தன. யாம் தோழரை உள்ளே அழைக்காது, படலையருகே நிறுத்தியே பேசிக்கொண்டிருந்தேம். சிறிதுநேரத்தின் பின்னர்த் திரும்பிப் பார்த்தபோது, அன்னையார் தட்டிலே புழுக்கொடியலும் தேங்காய்ச்சொட்டும் வைத்துக்கொண்டு திண்ணையோரத்திலே நின்றார். யாம் அழைக்கவில்லை. அவர் ஒன்றுஞ் சொல்லாது தட்டை உள்ளே கொண்டுபோனார். அந்தத் தட்டு உள்ளே சென்றதை யாம் இன்றும் மறந்திலேம்.

ஆண்டுகள் சென்றன. யாம் ஆசிரியராயினேம். 1995ஆம் ஆண்டு ஐப்பசித் திங்களிலே, போரினால் வலிகாமத்து மக்கள் ஓரிரவிலே ஊரைவிட்டுப் புறப்பட்டபோது, எம் அன்னையாரோடு யாமும் மழையிலே நடந்து நாவற்குழிப் பாலத்தைக் கடந்தேம். தென்மராட்சியிலே ஒரு பாடசாலை வகுப்பறையின் மூலையிலே, சேலையொன்றை மறைப்பாகக் கட்டி, எமக்கு இடங் கிடைத்தது. கண்ணாடிச் சாளரமுமில்லை, மண்திண்ணையுமில்லை. முதல்நாள் வைகறையிலே கண்விழித்தபோது, அன்னையார் தென்னோலை ஈர்க்குக்களைச் சேர்த்துக் கட்டி, அம்மூலைக்கு வெளியேயுள்ள நான்கு முழ நிலத்தைக் கூட்டி, போத்தலிலிருந்த நீரைச் சிறிது தெளித்துக்கொண்டிருந்தார். "அம்மா, இஃது எமது வீடா? ஏன் இந்தத் துன்பம்?" என்றேம். அவர் நிமிராமலே, "தம்பி, இது நமது இடமன்று. ஆனாலும் இன்றைக்கு நம்மை இருக்கவிட்ட இடம். கூட்டாமல் இருக்கலாமா?" என்றார்.

அன்று அந்தியிலே அகலொன்றிலே சிலதுளி தேங்காயெண்ணெய் விட்டு விளக்கேற்றினார். பிள்ளைகள் படிப்பதற்கு ஜாம்போத்தலிலே திரியிட்ட மண்ணெண்ணெய் விளக்கு வேறு இருந்தது. அஃது உதவிக்கு; இது வழிபாட்டிற்கு. அவ்வறையிலே தங்கியிருந்த வேறு குடும்பத்துப் பிள்ளைகளும் அவ்வகலின் முன்னே வந்து நின்றார்கள். ஒருவரும் அழைக்கவில்லை. அவர்களுள் ஒரு சிறுபெண் தேவாரம் தொடங்கினாள், ஏனையோர் தொடர்ந்தார்கள். அப்பொழுது அந்த மூலை ஒரு வீடாயிற்று. யாம் பல்லாண்டு நூல்களிலே கற்றும் அறியாத தொன்றை அன்று அறிந்தேம். வீடென்பது சுவரன்று, கூரையன்று. பெற்றதை இறைவன் தந்ததாகக் கொண்டு பேணும் செயலே வீடு.

1996ஆம் ஆண்டிலே ஊருக்குத் திரும்பினேம். கூரை இல்லை, கதவுகள் இல்லை, முற்றம் முழங்காலளவு புல்லாயிருந்தது. யாம் இழந்தவற்றை எண்ணி நின்றேம். அன்னையார் விளக்குமாற்றைத் தேடினார். இன்று அவர் இல்லை. அவருடைய முற்றத்தை இப்பொழுது யாமே கூட்டுகின்றேம். தோழரை உள்ளே அழையாது விட்ட குற்றத்திற்கு இது பிராயச்சித்தமாகுமோ அறியேம்.

இங்கே சிலர்க்கு ஓர் ஆசங்கை நிகழும். "உலகம் நிலையாதது, மனைவாழ்க்கை பந்தம், பற்றறுத்தலன்றோ சைவம்? முற்றத்தையும் சோற்றையும் விளக்கையும் பார்த்து இன்புறுக என்றல் பற்றை வளர்ப்பதாகாதா? பட்டினத்தடிகள் பெருஞ்செல்வத்தை ஒருநொடியிலே துறந்து போகவில்லையா?" என்பர். நல்ல வினா. விடை கூறுவாம்.

பற்று வேறு, நன்றி வேறு. பற்றுடையவன் "இஃது என்னுடையது" என்கின்றான். நன்றியுடையவன் "இஃது எனக்குக் கொடுக்கப்பட்டது" என்கின்றான். முன்னவன் இழந்தபோது அழிகின்றான். பின்னவன் இழந்தவிடத்தும் கொடுத்தவரை மறவாது மீண்டும் விளக்கேற்றுகின்றான். மாயையின் காரியமாகிய உடம்பு முதலியவற்றை விளக்குக்கு ஒப்பிடுவர் சித்தாந்த நூலார். சூரியன் உதிக்கும்வரையும் இருளிலே இருப்பவனுக்கு விளக்கு உபகாரமாகும். சூரியன் உதித்தபின்னும் விளக்கையே பார்த்துக்கொண்டிருப்பவன் பேதை. சூரியன் உதியாதிருக்கும்போதே, "இது சூரியனன்று" என்று இகழ்ந்து விளக்கை அவிப்பவனும் பேதையே. நம்மிற் பலர் இவ்விரண்டாம் பேதைமையைத் துறவு என்று பெயரிட்டு வழங்குகின்றோம். வீட்டிலே மனைவி மக்களோடு முகங்கொடுத்துப் பேசாது, உண்ட உணவின் சுவையறியாது, எல்லாம் மாயை என்று கூறிக்கொண்டிருத்தல் வைராக்கியமன்று; அது வெறுப்பு. வெறுப்பினால் முத்தியடைந்தார் ஒருவருமில்லை.

பட்டினத்தடிகளும் துறந்தாரேயன்றி மறந்தாரல்லர். தம் தாயார் இறந்தபோது, துறவியாகிய அவர் மீண்டு வந்து ஈமக்கடன் செய்து, பெற்று வளர்த்த அருமையை நினைந்து உருகிப் பாடினார் என்பது கன்னபரம்பரையாக வழங்கும் வரலாறு. அனைத்தையும் விட்டவருக்கும் தாயின் கைச்சோறு நினைவிலிருந்தது. அறுபத்துமூன்று நாயன்மார்களுள்ளும் பலர் மனைவாழ்க்கையிலே நின்றே திருவடி பெற்றனர் என்பதை நீங்கள் அறிவீர்கள்.

திருநாவுக்கரசு சுவாமிகள் செய்ததை இன்னும் நுணுகி நோக்குங்கள். அவர் மனைவாழ்க்கையிற் புகாதவர். பல்லவ அரசன் ஏவலினாலே சுண்ணாம்பு நீற்றறையில் ஏழுநாள் அடைக்கப்பட்டிருந்தார். அங்கே இறைவனுடைய திருவடிநிழலின் குளிர்ச்சியை உணர்ந்து பாடியபோது, அதற்கு உவமையாக எவற்றை எடுத்தார்? அரியணையை எடுத்தாரில்லை, பொன்னை எடுத்தாரில்லை. இசை, மாலைநிலவு, காற்று, இளவேனில், வண்டு மொய்க்கும் பொய்கை என்றிவற்றையே எடுத்தார். இவை அந்தியிலே எந்த ஏழையுந் தன் திண்ணையில் இருந்தபடியே பெறத்தக்கவை. கண்ணும் செவியும் மெய்யும் கண்டறிந்த எளிய இன்பங்களைப் படியாகக் கொண்டே காணாத பேரின்பத்தை அவர் நமக்கு உணர்த்தினார். நிலவை ஒருநாளும் நின்று பாராத பிள்ளைக்கு அத்திருப்பதிகத்தை நாம் எவ்வாறு கற்பிப்பது? சொற்பொருள் கூறலாம், குளிர்ச்சியைக் கூறமுடியாது.

வறுமைபற்றியும் ஒன்று சொல்லுதல் கடன். எளிமை அழகியது என்று யாம் கூறுவதனாலே, வறுமை நன்று என்று கூறினேமாகக் கொள்ளற்க. பசித்து வந்த பிள்ளைக்கு முதலிலே வேண்டுவது சோறு, உபதேசமன்று. மாறநாயனாரும் அடியாருக்கு முதலிலே சோற்றையே தேடினார். அங்ஙனமே, வீட்டின் அழகைப் புகழ்ந்துகொண்டு, அவ்வழகைச் செய்யும் உழைப்பு முழுவதையும் தாயொருத்தியின் தலையிலே சுமத்திவிட்டுத் திண்ணையிலே சாய்ந்திருப்பவன் அதனைப் புகழ்தற்கு உரியவனல்லன். துடைப்பம் பெண்ணுக்கே உரியது என்று சாத்திரம் கூறவில்லை. அப்பமூர்த்திகளுடைய திருக்கையிலே இருந்தது உழவாரம். அவர் செய்தது புல்செதுக்குதல். ஆண்மகன் முற்றங் கூட்டுதல் இழிவாயின், அவர் திருவுருவத்தை நாம் கோயிலிலே வைத்து வணங்குதல் எற்றுக்கு?

இனி, ஆசிரியர்களாகிய நமது கடமைக்கு வருவாம். ஸ்ரீலஸ்ரீ ஆறுமுகநாவலரவர்களும் கிறிஸ்தவப் பாடசாலையிலே கற்று, அங்கேயே ஆசிரியராயுமிருந்தவர். அவர் அக்கல்வியினாலே தம் வீட்டையுந் தம் சமயத்தையும் இகழக் கற்றாரில்லை. 1848ஆம் ஆண்டிலே வண்ணார்பண்ணையிலே சைவப்பிரகாச வித்தியாசாலையைத் தாபித்து, பிள்ளைகளுக்குப் பாலபாடங்களையும் சைவவினாவிடையையும் இயற்றினார். விவாகஞ் செய்யாது வாழ்ந்த அவர், பிள்ளை வைகறையிலே துயிலெழுந்து செய்யவேண்டிய நித்தியகருமங்களையும் விடாது எழுதிவைத்தார். சமயம் வீட்டிலே, பாயினின்றும் எழும்போதே தொடங்குகின்றது என்பதை அவர் நன்கு அறிந்திருந்தார். நாம் அவர் நூல்களைப் பாடமாக்கி, அவர் தொடங்கிய இடத்தை விட்டுவிட்டோம்.

நவாலியூர்ச் சோமசுந்தரப்புலவரையும் (1878 - 1953) நினைப்பாம். இறைவன்மீது பிரபந்தங்கள் பாடிய அவ்வாசிரியர், ஆடிப்பிறப்பு நாளிலே கூழும் கொழுக்கட்டையும் உண்ணும் பிள்ளைகளின் களிப்பையும் ஒரு பாட்டாக்கித் தந்தார். அரிசிமாவும் பயறும் தேங்காய்ப்பாலும் பனங்கட்டியும் சேர்ந்த ஒரு கூழ் பாடுதற்குரிய பொருள் என்று அவருக்குத் தோன்றிற்று. அதனாலே ஈழத்துத் தமிழ்ப்பிள்ளைகள் தம் வீட்டு அடுக்களையைத் தமிழ்ப்பாட்டிலே கண்டார்கள். எம் பாடநூற் படத்தின் பக்கத்திலே அப்பாட்டை வைத்துப் பார்க்க எமக்கு அந்நாளிலே அறிவில்லை.

இற்றைநாளிலே பிள்ளைகள் வீட்டிலிருக்கும் நேரமே சுருங்கிவிட்டது. பாடசாலை முடிந்தவுடன் தனியார் வகுப்பு; அது முடிந்தவுடன் வேறொரு வகுப்பு. ஐந்தாந்தரப் புலமைப்பரிசிற் பரீட்சைக்கு ஆயத்தஞ்செய்யும் பத்து வயதுக் குழந்தை, விளக்கு வைக்கும் வேளையிலே தெருவிலே சைக்கிளின் பின்னிருக்கையில் இருக்கின்றது. வீட்டை அடைந்தபின்னரும் கைத்தொலைபேசி அதன் கண்ணைக் கவர்ந்துகொள்கின்றது. அதிலே பிறருடைய மாளிகைகளைப் பார்த்து, தன் வீட்டைக் குறித்து நாணுகின்றது. எமக்குப் பாடநூற்படம் செய்ததை அதற்கு அக்கருவி செய்கின்றது. ஒரு படலை மூடப்படுகின்றது. ஒரு தட்டு உள்ளே திரும்பிப்போகின்றது.

இதற்கு நாம் செய்யத்தக்கன சில உள. முதலாவது, பிள்ளையின் வீட்டைப்பற்றி வகுப்பிலே இழிவாக ஒரு சொல்லும் நம் வாயினின்றும் பிறத்தலாகாது. சீருடையிலே அடுப்புப்புகை மணந்தால், அப்பிள்ளையின் தாய் வைகறையிலே எழுந்தாள் என்பதே அதன் பொருளென்று அறிவோமாக. இரண்டாவது, வாரத்தில் ஒருநாளேனும் சமயபாட வேளையிலே, "நேற்று உன் வீட்டிலே நீ கண்ட அழகிய பொருள் யாது?" என்று வினாவுவோமாக. முதல்வாரம் பிள்ளைகள் பேசாதிருப்பார்கள். அல்லது தொலைக்காட்சிப் பெட்டியைச் சொல்வார்கள். பொறுத்திருப்போமாக. சில வாரங்களிலே ஒரு பிள்ளை ஆச்சி வெற்றிலை இடித்த ஓசையைச் சொல்லும். வேறொன்று கன்று தாய்ப்பசுவை முட்டியதைச் சொல்லும். அன்றைக்குத் தனு கரண புவன போகம் என்னும் பாடம் உண்மையிலே தொடங்கும். மூன்றாவது, விளக்கு வைக்கும் வேளையிலே பிள்ளைகளை வீட்டிலே விடும்படி பெற்றோரிடத்துப் பேசுவோமாக. நாமே தனியார் வகுப்பு நடத்துவோமாயின், அவ்வொரு நாழிகையை விட்டுக்கொடுப்போமாக. நாமே விட்டுக்கொடாது பிறர்க்குக் கூறுதல் பயனின்று.

நான்காவது, நம் சொந்த வீட்டைப்பற்றியது. பகலெல்லாம் பிறர் பிள்ளைகளோடு இன்சொற் பேசிவிட்டு, மாலையிலே வீட்டாரிடத்துக் கடுகடுத்த முகத்தோடு செல்லும் ஆசிரியர் நம்முள் இல்லையென்று கூறமுடியுமா? இன்று வீடு சேர்ந்ததும், செருப்பைக் கழற்றும்போதே, ஒரு கணம் நின்று முற்றத்தைப் பாருங்கள். யாரோ ஒருவர் அதனைக் கூட்டியிருக்கின்றார். கையிலே வாங்கிய தேநீரிலே யாரோ ஒருவருடைய நினைவு கலந்திருக்கின்றது. அதனை அவருக்குச் சொல்லுங்கள். மனத்துள்ளே வைத்த நன்றி கொடுத்தவருக்குத் தெரியாது. எம் அன்னையாருக்கு யாம் சொல்ல நினைத்தவற்றைச் சொல்லுதற்கு எமக்குக் காலமிருந்தது, நாவெழவில்லை. நீங்கள் அவ்வாறு விட்டுவிடாதிருத்தல் வேண்டும்.

மெய்யன்பர்களே! கோயிலுக்குச் செல்லும் வழி நமது படலையிலிருந்தே தொடங்குகின்றது. படலைக்கு உள்ளேயிருப்பதை இறைவன் தந்த புவனமாகக் காணாதவன், படலைக்கு வெளியே எத்துணைத் தலங்களைச் சுற்றினும், கண்ணிருந்தும் இருளிலே நடப்பவனேயாவான். கண்டவனுக்கோ, கூட்டிய முற்றம் திருவீதியாகும். ஏற்றிய சுடர் திருவிளக்காகும். பகிர்ந்த சோறு திருவமுதாகும். அத்தகைய வீடுகளிலிருந்து வரும் பிள்ளைகளை நம் பாடசாலைகள் பெறுக. அப்பிள்ளைகள் தம் தோழரைத் திண்ணைக்கு அழைத்து இருத்தும் மனமுடையவர்களாகுக. நாமும் அவ்வாறே வாழ்ந்துகாட்டச் சிவபெருமான் திருவருள் பாலிப்பாராக.

திருச்சிற்றம்பலம்